பாரிஸ் நகரில் ஒரு மலிவுப் போசனசாலை

பாரிஸ் மாநகர் சென்று மீண்டோம் என்று சொன்னால், கேட்பவர் முதலில் ஈபெல் கோபுரத்தைப் பற்றி வினவுவர், அடுத்து, "அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?" என்பர். பிரெஞ்சு உணவு என்றதும் பட்டுத் திரைகளும், எதை முதலில் எடுப்பதென்று தெரியாத கரண்டி வரிசைகளும், ஒரு மாதச் சம்பளத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிடும் கணக்குச் சீட்டுமே எம்மவர் எண்ணத்தில் எழுகின்றன. நாம் உண்டதோ அத்தகைய இடத்திலன்று. கூலியாட்களும் குமாஸ்தாக்களும் பசியாறவென்று 1896ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, இன்றும் அதே மண்டபத்தில், அதே முறையில் நடந்துவரும் ஒரு மலிவுப் போசனசாலையிலே உண்டோம். போபூர் மொன்மார்த்ர வீதியில், 7ஆம் இலக்கத்தில் உள்ள அதன் பெயர் 'புய்யோன் ஷார்த்தியே'.

அங்கே எம்முடன் வந்தவர் எமது சிறிய தந்தையாரின் மைந்தர். 1991இல் ஊரை விட்டுப் புறப்பட்டவர். அன்று முதல் பாரிசிலேயே வாழ்பவர். அந்நகரத்து உணவகங்களின் சமையற்கூடங்களில் எம்மவர் பலர் உழைப்பதை வாசகர்கள் அறிவார்கள். 'கோப்பை கழுவுதல்' என்னும் தொடர், கடல் கடந்து போன ஒரு தலைமுறையின் வரலாற்றையே தன்னுள் அடக்கியது. இவரும் கோப்பை கழுவியே வாழ்வைத் தொடங்கினார்; பின்னர் மரக்கறி வெட்டினார்; இப்பொழுது ஓர் உணவகத்திலே குளிர்ந்த பதார்த்தங்களை ஆயத்தம் செய்யும் பொறுப்பில் இருக்கின்றார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றார்.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அவருக்கு ஓய்வு நாள். லாச்சப்பலுக்குப் போய்ச் சோறும் கறியும் உண்போம் என்றார். "அது ஊரிலேயே கிடைக்குமே, இவ்வூர்ச் சாப்பாட்டை இவ்வூரவர் உண்ணும் இடத்திலே உண்ண வேண்டும்" என்றோம் நாம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணை, 30 வருஷமாய் இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்கதவாலே போய்ப் பின்கதவாலே வந்தவன் நான். முன்கதவாலே ஒரு நாளும் போனதில்லை."

காசில்லாமையன்று காரணம். ஊரார் உண்ணும் நேரமே அவர் உழைக்கும் நேரம். ஓய்வு நாளிலோ வீட்டுச் சமையலை விட்டுவிட்டு வெளியே போக மனம் வருவதில்லை. இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு கூச்சம். தாம் கழுவி அடுக்கிய கோப்பையின் முன் தாமே அமர்ந்து, பிறர் பரிமாற உண்பதில் ஒரு கூச்சம். அதனை அவர் சொல்லவில்லை, நாமாக உணர்ந்துகொண்டோம். உணர்ந்ததனாலேயே பிடிவாதமாக அவரை அழைத்துச் சென்றோம்.

சாற்றிலே பிறந்த கடை

வீதியிலிருந்து பார்த்தால் கடை தெரியாது. இரு கட்டடங்களுக்கிடையே ஒரு நடைவழி. அதற்கப்பால் ஒரு முற்றம். முற்றத்தின் முடிவிலே சுழற்கதவு. இங்கே முற்கூட்டி இடம் ஒதுக்கும் வழக்கமில்லை. மந்திரியாயினும் சுமைகூலியாயினும் வரிசையிலே நிற்க வேண்டியதுதான். பதினொன்றரை மணிக்குக் கதவு திறக்கும். நாம் போனபோதே நாற்பது பேர் முன்னே நின்றனர். அந்த அரைமணி நேரக் காத்திருப்பிலே இக்கடையின் பூர்வீகத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

'ரெஸ்ரோரண்ட்' என்ற சொல் இன்று உலகெங்கும் உணவுச்சாலையைக் குறிக்கின்றது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிசிலே அது ஓர் இடத்தின் பெயரன்று, ஓர் உணவின் பெயர். இழந்த வலுவை மீட்டுத் தருவது என்பது அதன் பொருள். இறைச்சியையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சி வடித்த சாற்றை அவ்வாறு அழைத்தனர். மெலிந்தவர்க்கும் நோயுற்றவர்க்கும் அதனை விற்ற கடைகளே நாளடைவில் அப்பெயரைத் தாம் சூடிக்கொண்டன. எம்மூரிலே பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கிக் கொடுக்கும் சரக்குக் கறியின் பெயர், ஒரு கடைக்கும் பின்னர் உலகத்துக் கடைகள் யாவற்றிற்கும் பெயராகி விட்டதென்று எண்ணிக்கொண்டால் போதும். 'புய்யோன்' என்பதற்கும் சாறு என்றே பொருள்.

1853இல் ஓஸ்மான் என்பவர் பாரிசின் நிர்வாகத் தலைமையை ஏற்று, பழைய சந்துகளை இடித்து அகன்ற வீதிகளை அமைக்கத் தொடங்கினார். கல்லுடைக்கவும் சுவர் எழுப்பவும் நாட்டின் நாலா திசைகளிலுமிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்கள் மலிவாகவும் சுத்தமாகவும் உண்ண ஓரிடம் அருமையாகவே இருந்தது. அந்நாளிலே பாப்திஸ்த் அதோல்ப் துவால் என்றோர் இறைச்சிக் கடைக்காரர் இருந்தார். அவருக்கு ஒரு தொல்லை. செல்வர் வீட்டுச் சமையற்காரர் மிருதுவான பாகங்களை மட்டும் வாங்கிச் செல்வர். கடினமான பாகங்களும் எலும்புகளும் கடையிலே தேங்கும். ஒரு புறம் தேங்கிய இறைச்சி. மறுபுறம் பசித்த மக்கள். துவால் இரண்டையும் ஒன்று சேர்த்தார். 1850களின் நடுப்பகுதியில், நகரின் பெருஞ்சந்தையை அண்டிய ஒரு வீதியிலே கடை திறந்தார். கொப்பரையில் நெடுநேரம் கொதிக்கக் கொதிக்கக் கடின இறைச்சியும் இளகியது, சாறும் இறங்கியது. ஒரு கிண்ணம் சாறு, ஒரு துண்டு இறைச்சி, பாண்: இவ்வளவே முதற் கடையின் விருந்து.

துவாலின் உண்மையான கெட்டித்தனம் சாற்றில் இருக்கவில்லை என்பது எமது எண்ணம். மலிவுக் கடைதானே என்று அழுக்கு மேசையையும் உடைந்த வாங்கையும் போடாமல் இடத்தைத் துப்புரவாக வைத்தார். விலைகளை முன்னரே அச்சிட்டு அறிவித்தார். கறுப்பு உடையும் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை மேலாடையும் அணிந்த பெண்களைப் பரிமாற வைத்தார். அப்பெண்களுள் ஒருவரை ரெனுவார் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1875ஆம் ஆண்டளவில் தீட்டிய சித்திரம், இன்று நியூயோர்க் மெற்ரோபொலிற்றன் அரும்பொருட்சாலையிலே இருக்கின்றது. கோமகள்களைத் தீட்டும் தூரிகை ஒரு மலிவுக் கடைச் சிப்பந்தியையும் தீட்டியது!

துவாலைப் பின்பற்றிப் பலர் கிளம்பினர். 1900ஆம் ஆண்டளவில் பாரிசிலே ஏறத்தாழ 250 புய்யோன்கள் இருந்தன என்பர். அவ்வலையிலே வந்தவர்களே பிரெதெரிக், கமில் என்னும் ஷார்த்தியே சகோதரர் இருவர். பின்னர் காலம் மாறிற்று. ஒவ்வொன்றாகப் புய்யோன்கள் மூடப்பட்டன. பெயர் மாற்றிச் செல்வர் கடைகளாயின சில. கமில் ஷார்த்தியே 1906இல் திறந்த வேறொரு புய்யோன் கூட நெடுங்காலம் அந்நிலை குன்றியே கிடந்தது. போபூர் மொன்மார்த்ர வீதிக் கடை மட்டும் அசையாது நின்றது. 1989இல் அரசாங்கம் அதனை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது.

இலக்கமிட்ட இலாச்சிகள்

எமது முறை வந்தது. சுழற்கதவின் முன்னே எம் தம்பியார் ஒரு கணம் தயங்கி, சட்டையின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். பின்னர் எமக்கு முன்னதாகவே உள்ளே நுழைந்து விட்டார்.

உள்ளே புகுந்ததும் பழைய புகையிரத நிலையம் ஒன்றின் நினைவே எமக்கு எழுந்தது. உயரத்திலே கண்ணாடிக் கூரை, அதனூடாக இறங்கும் பகல் வெளிச்சம், சுவரெங்கும் பெருங் கண்ணாடிகள், கறுத்து மினுங்கும் மரவேலைப்பாடு, உருண்டை விளக்குகள். மேசைகளுக்கு மேலே பித்தளைச் சட்டங்கள். வந்தோர் தொப்பியையும் பொதியையும் வைப்பதற்கானவை. ஏறத்தாழ 300 பேர் ஒருங்கே அமரலாம். அத்தனை வாய்களும் ஒருங்கே பேசுகின்றன. அத்தனை முள்ளுக்கரண்டிகளும் ஒருங்கே ஒலிக்கின்றன. பணம் படைத்தோர் உணவகங்களிலே நிலவும் கோயில் அமைதி இங்கு இல்லை. நாம் வாய்விட்டுப் பேசினோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரிலே ஒரு பெரிய ஓவியம் உண்டு. ஜெர்மோன் என்பவர் 1929இல் தீட்டியது. உண்ட கணக்கைத் தீர்க்கக் காசின்றி, அதற்கீடாகத் தூரிகையை எடுத்தார் என்பது கடையின் கதை. தீராத கடைக் கணக்கைப் பிரெஞ்சுக்காரர் 'கற்பலகை' என்பர். எமது ஊர்க் கடைகளின் கடன் கொப்பிக்கு அது அண்ணன் முறை.

ஆயினும் எம்மை நெடுநேரம் நிற்க வைத்துப் பார்க்கச் செய்தவை ஓவியமும் அல்ல, கண்ணாடியும் அல்ல. சுவரோரமாக, மரத்தினாற் செய்த சின்னஞ்சிறு இலாச்சிகள் வரிசையாக இருந்தன; ஒவ்வொன்றின் மேலும் ஓர் இலக்கம். இவை எதற்கென்று வினவினோம். நாள்தோறும் வந்து உண்ட வாடிக்கையாளர் தத்தம் கைத்துடைத் துணியை மடித்து வைப்பதற்காம். தனியறையிலே வாழ்ந்து, அச்சுக் கூடத்திலோ பத்திரிகைக் காரியாலயத்திலோ வேலை செய்து, நண்பகலில் இங்கே வந்த ஒருவன் தன் இலக்கத்தைத் தேடித் தன் துணியை எடுப்பான்; உண்டபின் மீண்டும் அங்கேயே வைப்பான். அன்றைய பாரிசிலே அவனுக்கென்று வீடில்லை, நிலமில்லை. ஓர் இலாச்சி இருந்தது.

எம் தம்பியார் அவற்றிலே ஒன்றை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "நான் வந்த புதிதிலே எட்டுப் பேர் ஓர் அறையிலே இருந்தோம், அண்ணை. பெட்டியை வைக்கவும் இடமில்லை" என்றார்.

எமக்குக் கிடைத்தது நால்வர் மேசை. அதிலே ஏற்கனவே ஒரு மூதாட்டியார் தனியாக அமர்ந்திருந்தார். அறியாதவரை அறியாதவருடன் இருத்துவது இக்கடையின் வழமை. சிலருக்கு அது பிடிப்பதில்லை. அம்மையார் தம் கைப்பையை எடுத்து எமக்கு இடம்விட்டார். கணவர் இறந்தபின் ஒருவருக்கென்று அடுப்பு மூட்ட மனமில்லை என்றும், கிழமையில் இரு நாள் இங்கே வருவதாகவும் சொன்னார். தம்பியார் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, எமக்கும் அவருக்கும் எப்படியோ உரையாடல் நடந்தேறிற்று.

முட்டையும் கோழியும்

சிப்பந்தி வந்தார். பல பைகள் வைத்த கறுத்த அரைச்சட்டை, கணுக்கால் வரை நீண்ட வெள்ளை மேலாடை. புன்னகை செய்ய அவருக்கு நேரமில்லை. மேசையிலே துணிமேல் விரித்திருந்த வெள்ளைக் கடதாசியின் ஓரத்திலே, நாம் கேட்டவற்றைப் பேனாவினால் கிறுக்கிவிட்டுப் பறந்து போனார். இங்கே தனிச் சீட்டில்லை. மேசை விரிப்பே கணக்குப் புத்தகம்.

மாட்டிறைச்சி உண்ணாத எமக்குப் புய்யோனிலே என்ன கிடைக்குமோ என்ற ஐயம் இருக்கவே செய்தது. மாட்டெலும்புச் சாற்றிலே பிறந்த கடையல்லவா? அன்று மரக்கறிச் சூப்பு இருந்தது. தம்பியார் முட்டை மயோனேஸ் கேட்டார். அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, முட்டை மஞ்சட்கருவையும் எண்ணெயையும் கடுகுக் குழம்பையும் சேர்த்தடித்த கெட்டியான குழம்பை மேலே வார்த்துத் தருவதே அது. இதைவிட எளிய பண்டம் ஒன்றில்லை. விலையும் இரண்டொரு யூரோ அளவிலேதான். எனினும் பிரெஞ்சுக்காரருக்கு அது தாய்வீட்டு நினைவு போன்றது. அதனைக் காப்பதற்கென்றே ஒரு சங்கமும் அந்நாட்டில் உண்டென்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

தம்பியார் முட்டையை உடனே உண்ணவில்லை. கோப்பையை இரு விரலால் சிறிது உயர்த்தி, அதன் விளிம்பைப் பார்த்தார். பிறகு குழம்பின் மேற்பரப்பைப் பார்த்தார். "இப்போதுதான் அடித்திருக்கிறார்கள். பழையது என்றால் ஓரத்திலே மஞ்சள் ஏறும்" என்றார். கோப்பையைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்டோம். "நன்றாய்க் கழுவியிருக்கிறான்" என்றார். அதன் பின்னரே முள்ளுக்கரண்டியை எடுத்தார்.

அடுத்து இருவருக்கும் பொரித்த உருளைக்கிழங்குடன் சுட்ட கோழி. உள்ளதை உள்ளபடி சொல்வோம்: கோழியின் மார்புப் பகுதி சற்று வறண்டிருந்தது, சூப்பிலே உப்புக் குறைவு. உணவு ஆய்வோர் இக்கடையைப் புகழ்ந்து தள்ள மாட்டார்கள். அம்மையார் உண்ட, எண்ணெயில் ஊறிய உருளைக்கிழங்குடன் கூடிய ஹெரிங் மீன் எமதினும் நன்றாக இருந்திருக்கும் போலத் தோன்றிற்று. ஆயினும் பாண் தட்டு வெறுமையாக வெறுமையாக நிறைக்கப்பட்டது. குழாய்நீர்க் குவளையும் அவ்வாறே. இரண்டிற்கும் காசில்லை.

இத்தனை மலிவாக இவர்கள் எவ்வாறு கொடுக்கின்றனர்? சமையற்கூடத்தை உள்ளிருந்து அறிந்தவராதலால் தம்பியாரே எமக்கு விளக்கினார். முதலாவது, பண்டங்களைப் பார்க்க வேண்டும்: முட்டை, லீக்ஸ், கரட், ஹெரிங் மீன், கடின இறைச்சி. எதுவும் சந்தையிலே விலையேறியது அன்று. நேரத்தையும் நெருப்பையும் செலவிட்டால் சுவையேறும். இரண்டாவது, கதிரை. பெரிய உணவகத்திலே ஒரு கதிரையில் ஓர் இரவில் ஒருவரே அமர்வார். இங்கே காலை பதினொன்றரை முதல் நள்ளிரவு வரை ஒருவர் எழ மற்றொருவர் அமர்வார். ஆகவே ஒரு கோப்பையிலே வரும் இலாபம் சிறிதாயினும் கோப்பைகள் பல. மூன்றாவதை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கோப்பை பலவென்றால் கழுவுகிறவனுக்கு முதுகு நிமிராது, அண்ணை."

திறந்த நாள் முதல் இதுவரை ஐந்து கோடி உணவுகள் பரிமாறப்பட்டுள்ளன என்று உணவகத்தார் பெருமையுடன் கூறுவர். ஐந்து கோடி முறை யாரோ கழுவியிருக்கிறார்கள் என்ற கணக்கு, தம்பியார் அதனைச் சொல்லும் வரை எமக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. எம்மைச் சுற்றியிருந்தோரிலே பாதிப்பேர் எம்மைப் போல் ஊர் பார்க்க வந்தவர்கள்; பயணப் பெட்டியுடனே வந்தோரும் இருந்தனர். கல்லுடைப்போனுக்கென எழுந்த மண்டபத்திலே இன்று கல்லுடைப்போனைத் தேடித்தான் காண வேண்டும். ஆனால் இம்முறை முற்றாக அழியவில்லை. 2017இல் பிகால் பகுதியிலே புதிய புய்யோன் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பின் வேறு சிலவும் எழுந்தன. ஷார்த்தியேயும் இரண்டு புகையிரத நிலையங்களின் அருகே கிளை விட்டிருக்கின்றது. விலைவாசி ஏற ஏற, பழைய மலிவுக் கடையின் அருமை அந்நகர மக்களுக்கு மீண்டும் தெரிந்திருக்கின்றது போலும். வரிசையிலே மாணவரும், தொழிலாளர் உடையில் இருவரும் நின்றதை நாமும் கண்டோம்.

நாம் உண்டு முடித்தோம். அம்மையார் எமக்கு முன்னரே விடைபெற்றுப் போயிருந்தார். பேசிக்கொண்டிருக்கையிலேயே தம்பியாரின் கைகள் தாமாக இயங்கின. பெரிய கோப்பை கீழே, சிறியது மேலே. எச்சில் எலும்பெல்லாம் ஒன்றில். கரண்டிகள் ஒரு திசையாக. அம்மையாரின் கோப்பையையும் சேர்த்து அழகாக அடுக்கி மேசை ஓரத்திலே வைத்துவிட்டார். கணக்கெழுத வந்த சிப்பந்தி அவ்வடுக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிரெஞ்சிலே ஏதோ கேட்டார். தம்பியார் தாம் வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொன்னார். எத்தனை வருடம் என்ற கேள்விக்கும் விடை சொன்னார். அதுவரை புன்னகை செய்ய நேரமில்லாத அம்மனிதர், பேனாவை இடக்கைக்கு மாற்றிவிட்டு வலக்கையை நீட்டினார்.

பின்னர் கடதாசி விரிப்பிலே இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டி, அடியிலே கோடிட்டார். இனிப்பும் கோப்பியும் சேர்த்து 40 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. நாம் பணப்பையை எடுக்குமுன் தம்பியார் தந்துவிட்டார். அதிலே எமக்குச் சிறு மனத்தாங்கலே. கணக்கெழுதிய கடதாசித் துண்டைக் கவனமாகக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மனைவியையும் அழைத்து வரப்போவதாக, நிலக்கீழ்ப் புகையிரதத்துக்கான படிகளில் இறங்கும்போது சொன்னார். நாம் ஊர் திரும்பியபின் தொலைபேசியிலே விசாரித்தோம். சொன்னபடியே போனார்களாம். இருவரும் முன்கதவால் நுழைந்து, கண்ணாடிக் கூரையின் கீழ் அமர்ந்து, முட்டை மயோனேஸ் வரவழைத்தார்களாம். அதைப் பார்த்த அவர் மனைவியார், "இரண்டு முட்டைக்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா? வீட்டிலே அவித்துத் தந்திருப்பேனே" என்றாராம்.